புள்ளியியல் என்றதும் ஏன் பதறுகிறது?

மனிதர்களைப் பற்றிப் படிக்க ஆசைப்பட்டுத்தான் பலர் உளவியலையும் சமூகவியலையும் தேர்ந்தெடுக்கிறார்கள். பள்ளியோடு கணக்குக்கு விடை கொடுத்தாயிற்று என்ற நிம்மதியும் அதில் கொஞ்சம் கலந்திருக்கும். முதல் வாரம் பாடப்பட்டியலைப் பார்த்தால் 'புள்ளியியல், கட்டாயம்' என்று இருக்கிறது. வயிற்றைப் பிசைகிறது. மற்ற வகுப்புகளில் வாய் ஓயாமல் விவாதிக்கும் மாணவி இந்த வகுப்பில் மட்டும் கடைசி வரிசையில் தலை குனிந்து உட்காருகிறாள்.

ஆய்வாளர்கள் இதற்குப் 'புள்ளியியல் பதற்றம்' என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். 1985இல் குரூஸ், கேஷ், போல்டன் ஆகிய மூவர் இதை அளக்க 51 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினார்கள். அது ஆறு கூறுகளைப் பார்க்கிறது: தேர்வும் வகுப்பும் தரும் பதற்றம், முடிவுகளை விளக்கும்போது வரும் பதற்றம், உதவி கேட்கப் பயம், ஆசிரியரிடம் பயம், 'எனக்குக் கணக்கு வராது' என்ற நினைப்பு, 'இது எனக்கு எதற்கு' என்ற எண்ணம். கவனித்துப் பாருங்கள், இந்த ஆறில் கணக்குப் போடும் திறமையைத் தொடுவது ஒன்றுதான். அதுகூட உண்மையான திறமையை அளப்பதில்லை, தன்னைப் பற்றி மாணவர் என்ன நினைக்கிறார் என்பதைத்தான் அளக்கிறது.

சரி, பயம் எப்படி மதிப்பெண்ணைக் குறைக்கிறது? 27ஐயும் 38ஐயும் மனத்துக்குள் கூட்டுங்கள். ஏழும் எட்டும் பதினைந்து. ஐந்தை எழுதி, மீதி ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்கிறோம். அந்த 'ஒன்று' சில நொடிகள் தங்கும் இடத்துக்குச் செயல்நினைவு என்று பெயர். மிகச் சிறிய இடம் அது. ஒரே நேரத்தில் ஏறக்குறைய நான்கு விஷயங்களைத்தான் அதில் பிடித்து வைக்க முடியும் என்று 2001இல் உளவியலாளர் நெல்சன் கோவன் வாதிட்டார். 'தப்பாகப் போட்டுவிடுவேனோ', 'பக்கத்தில் இருப்பவன் முடித்துவிட்டானே' போன்ற கவலைகளும் அதே இடத்தில்தான் வந்து உட்காருகின்றன.

இதை ஆஷ்கிராஃப்டும் கிர்க்கும் 2001இல் சோதித்துக் காட்டினார்கள். சில எழுத்துகளை நினைவில் வைத்துக்கொண்டே கூட்டல் கணக்குப் போட வேண்டும். நினைவில் வைக்க வேண்டிய எழுத்துகள் ஆறாகி, கூட்டலிலும் மீதியை மனத்தில் கொள்ள வேண்டி வந்தபோது, கணிதப் பதற்றம் அதிகம் உள்ளவர்கள் மற்றவர்களைவிட நிறையவே பிழை செய்தார்கள். சுமை குறைவாக இருந்தபோது அப்படிப்பட்ட பெரிய இடைவெளி தெரியவில்லை. இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 'நான் மக்கு' என்று தனக்குள் சொல்லிக்கொள்ளும் மாணவருக்கு அறிவில் குறை இல்லாமல் இருக்கலாம். கணக்குக்குத் தேவையான இடத்தில் பாதியைக் கவலை எடுத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு ஆய்வும் உண்டு. 2012இல் லயன்ஸ், பெய்லாக் இருவரும் கணிதப் பதற்றம் உள்ளவர்களின் மூளையைப் படம் பிடித்தார்கள். 'அடுத்து வரப்போவது கணக்கு' என்ற அறிகுறி தெரிந்ததுமே, உடல் வலியை உணர்வதோடு தொடர்புள்ள பகுதிகள் சுறுசுறுப்பாயின. கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தபோது அப்படி ஆகவில்லை. எதிர்பார்ப்பதில்தான் வலி. வலிக்கும் இடத்தை யாரும் தொட மாட்டார்கள். அதனால் பயிற்சி நாளைக்குத் தள்ளிப்போகிறது, வகுப்பு தவறுகிறது, தவறிய வகுப்பால் அடுத்த வகுப்பு புரியவில்லை, பயம் இன்னும் கூடுகிறது. உதவி கேட்கும் பயமும் சேர்ந்துவிட்டால் இந்தச் சுழலிலிருந்து வெளியே வர வழியே தெரியாது. ஆறு கூறுகளில் மிக அதிகமாகக் கெடுதல் செய்வது இதுதான் என்பது என் எண்ணம். புரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல முடியாதவருக்கு மற்ற எந்த உதவியும் போய்ச் சேராது.

இவை கணிதப் பதற்றத்தைப் பற்றிய ஆய்வுகள். புள்ளியியலுக்கென்று தனியான கஷ்டமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் மாணவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. பி-மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு குழுக்களுக்கும் வேறுபாடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு முதலில் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம், வேறுபாடு இல்லாத உலகத்தில் இப்போது கிடைத்த அளவுக்கோ அதைவிடக் கூடுதலாகவோ ஒரு வித்தியாசம் தற்செயலாகக் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்று கேட்க வேண்டும். அந்த வாய்ப்புதான் பி-மதிப்பு. அது மிகக் குறைவானால், முதலில் வைத்துக்கொண்டதைக் கைவிட வேண்டும். எதிர்மறைக்குள் எதிர்மறை. கூட்டலும் கழித்தலும் இல்லாமலேயே செயல்நினைவு நிரம்பிவிடுகிறது.

இதில் குழம்புவது மாணவர்கள் மட்டும் இல்லை. ஜெர்மனியின் ஆறு பல்கலைக்கழகங்களில் ஹாலர், கிராஸ் இருவரும் பி-மதிப்பைப் பற்றிய ஆறு தவறான கூற்றுகளைக் கொடுத்து, சரியா தவறா என்று கேட்டார்கள். முடிவு 2002இல் வெளிவந்தது. உளவியல் மாணவர்கள் எல்லோருமே ஒரு கூற்றையாவது சரி என்று நம்பியிருந்தார்கள். ஆய்வுமுறைப் பாடம் நடத்துகிறவர்களிலும் 80 சதவீதம் பேர் அப்படித்தான். இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கற்றவர்களும் தடுக்கி விழும் இடம் இது என்று தெரிந்தால், தடுமாறும் மாணவர் தன்னையே திட்டிக்கொள்ள மாட்டார்.

சொல்லும் விதத்தை மாற்றினாலே சுமை எவ்வளவு குறையும் என்பதற்குக் கிகெரென்சரும் ஹோஃப்ராகேயும் 1995இல் நல்ல வழி காட்டினார்கள். ஒரு நோய் 1 சதவீதம் பேருக்கு இருக்கிறது. நோய் இருந்தால் சோதனை 80 சதவீதம் கண்டுபிடிக்கும். நோய் இல்லாதவர்களிலும் 9.6 சதவீதம் பேருக்கு 'இருக்கிறது' என்று தவறாகக் காட்டும். 'இருக்கிறது' என்று வந்தவருக்கு உண்மையில் நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? இப்படிக் கேட்டால் தலை சுற்றும். இதையே ஆட்களாக எண்ணிப் பாருங்கள். ஆயிரம் பேரில் 10 பேருக்கு நோய். அவர்களில் 8 பேரைச் சோதனை பிடித்துவிடும். நோய் இல்லாத 990 பேரில் ஏறக்குறைய 95 பேருக்கும் 'இருக்கிறது' என்று காட்டும். ஆக 103 பேரில் 8 பேருக்குத்தான் நோய். நூற்றுக்கு எட்டுகூட இல்லை. கணக்கு அதேதான், ஆனால் சூத்திரம் தேவைப்படவில்லை.

பதற்றத்தைக் குறைக்கச் சொல்லப்படும் ஒரு யோசனையையும் பார்ப்போம். தேர்வுக்குச் சற்று முன்னால் பத்து நிமிடம் தன் கவலைகளை எழுதினால் மதிப்பெண் கூடுகிறது என்று 2011இல் ராமிரெஸ், பெய்லாக் இருவரும் அறிவித்தார்கள். இன்றைக்கும் பலர் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் 2018இல் ஒரு பெரிய ஆய்வுக்குழு 21 சமூக அறிவியல் சோதனைகளை, சராசரியாக ஐந்து மடங்கு பெரிய மாதிரிகளோடு மறுபடி செய்து பார்த்தது. 13இல் விளைவு மறுபடி கிடைத்தது. கிடைக்காத எட்டில் இந்த எழுத்துச் சோதனையும் ஒன்று. எழுதுவதால் கெடுதல் ஏதும் இல்லை, மனத்துக்கு இதமாக இருந்தால் எழுதலாம், மதிப்பெண் கூடும் என்று மட்டும் உறுதி தர முடியாது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாணவிக்கு இந்தக் கதையைச் சொல்ல வேண்டும். அவளுக்கு நல்லது என்று நீட்டப்பட்ட மருந்து நிஜமாகவே வேலை செய்கிறதா என்று சோதித்துச் சொன்னது அவள் பயப்படும் அதே பாடம்தான்.