ஊருக்கு ஓர் அபாயச் சங்கு: பூட்டுவதற்கு யாரிடம் போவது, பழுதானால் யாரிடம் கேட்பது

கட்டைக்காடு, உடுத்துறை, மருதங்கேணி, மணற்காடு என்று வடமராட்சி கிழக்குக் கரையோடு குடியிருப்பவர்களும் தீவகத்தில் இருப்பவர்களும் அடிக்கடி கேட்பது: எங்கள் ஊருக்கு நாங்களே ஒரு சைரன் பூட்டலாமா? பூட்டலாம். ஆனால் அது எப்போது ஊதவேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஊரிடம் இல்லை. ஊரின் பொறுப்பு அதை எந்த நேரமும் ஊதக்கூடிய நிலையில் வைத்திருப்பது. அதுதான் கடினமான பங்கு. கம்பம் நடுவதற்கு முன்பே பராமரிப்புக்கு யார் பொறுப்பு என்பதை எழுத்தில் முடித்துவிடுங்கள்.

2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நடுங்கி, நம் கிழக்குக் கரையில் அலை ஏறுவதற்கு ஒன்றரை மணித்தியாலம் அளவில் ஆனது. கரையிலிருந்து உள்ளே நடந்து போகவே அந்த நேரம் போதும். சொல்வதற்கு ஒரு வழி இருக்கவில்லை. அதன் பிறகு வந்ததுதான் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க இலங்கை அனர்த்த முகாமைத்துவச் சட்டம். அனர்த்த முகாமைத்துவ நிலையம் இந்தச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. அதன் மாவட்டப் பிரிவு யாழ். கச்சேரியில், மாவட்டச் செயலகத்தோடு இருக்கிறது. அவசர இலக்கம் 117. சுனாமி, புயல் எச்சரிக்கையை வெளியிடுவது வளிமண்டலவியல் திணைக்களம். அதை ஊர்களுக்குக் கொண்டு சேர்ப்பதும், இடம்பெயரச் சொல்வதும் நிலையத்தின் வேலை. கடற்கரையோரம் நிற்கும் பெரிய எச்சரிக்கைக் கோபுரங்களும் நிலையத்துக்கு உரியவை.

ஆகவே முதற்படி கிராம அலுவலர். கிராம அனர்த்த முகாமைத்துவக் குழுவைக் கூட்டித் தீர்மானம் எழுதி, பிரதேச செயலர் ஊடாக மாவட்டப் பிரிவுக்கு அனுப்பவேண்டும். தீர்மானத்தோடு நான்கு விடயங்கள் போனால் கடிதம் திரும்பி வராது: ஊரின் வரைபடம், குடும்பங்களின் எண்ணிக்கை, கம்பம் நிற்கப்போகும் காணியின் உரிமையாளர் தந்த சம்மதக் கடிதம், பராமரிப்புக்குப் பொறுப்பேற்கும் அமைப்பின் ஒப்பம். பாடசாலை வளவு, தேவாலய வளவு, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கக் காணி ஆகியவை நல்லவை, ஏனெனில் எந்த நேரமும் ஆள் போய்வரலாம். தனியார் வளவில் நட்டால் காணி கைமாறும் நாளில் கம்பத்துக்கும் வழக்கு வரும்.

அனுமதிகள் இடத்தைப் பொறுத்தவை. உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றருக்குள் என்றால் அது சட்டப்படி கரையோர வலயம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். சுண்டிக்குளம் தேசிய பூங்காவை ஒட்டினால் வனசீவராசிகள் திணைக்களத்திடமும், பலாலி விமான நிலையச் சுற்றாடல் என்றால் உயரம் பற்றிச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையிடமும் கேட்கவேண்டும். பிரதேச சபைக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் எழுத்தில் அறிவிப்பது எல்லா இடத்துக்கும் பொது.

வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் சைரனை வாங்கி அனுப்ப முன்வருவது இங்கே சாதாரணம். நல்ல மனம், ஆனால் இரண்டு எச்சரிக்கை. றேடியோவால் இயக்கும் கருவி என்றால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் சுங்கத்தைத் தாண்டாது. அனுப்பும் முன் அனுமதி எடுங்கள். அடுத்தது, அன்பளிப்பைப் பிரதேச சபையின் சொத்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள். பதிவேட்டில் இல்லாத பொருளுக்குச் சபை பற்றரி வாங்கினால் கணக்காய்வில் கேள்வி வரும், அதனால் வாங்கமாட்டார்கள். மூன்று வருடத்தில் சைரன் வெறும் கம்பமாகிவிடும்.

எவ்வளவு தூரம் கேட்கும்?

விற்பவர்கள் சொல்லும் கிலோமீற்றர்க் கணக்கை அப்படியே ஏற்கவேண்டாம். சைரனின் பலம் 30 மீற்றர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்று குறிக்கப்படும். வீடும் மரமும் உள்ள ஊரில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 10 டெசிபல் கழித்துக்கொள்ளுங்கள். 115 டெசிபல் சைரன் 60 மீற்றரில் 105, 120இல் 95, 240இல் 85, 480இல் 75. அமைதியான கிராமத்தில் வெளியே நிற்பவருக்கு 70 டெசிபலாவது எட்டவேண்டும். ஆக இதன் எல்லை ஏறத்தாழ 680 மீற்றர். 121 டெசிபல் என்றால் ஒரு கிலோமீற்றர். நீண்டு கிடக்கும் கரையோர ஊருக்குப் பெரிய சைரன் ஒன்றைவிட நடுத்தரமான இரண்டு நல்லது. ஒன்று பழுதானாலும் மற்றது ஊதும்.

இந்தக் கணக்கு காற்றில்லாத நாளுக்கு. நமக்குப் புயல் வருவது வாடைக்காற்று வீசும் கார்த்திகை, மார்கழியில். காற்றுப் போகும் திசையில் சத்தம் நன்றாகப் போகும், எதிர்த்திசையில் மேலே வளைந்து போய்விடும். வடமராட்சி கிழக்கில் வாடை கடலிலிருந்து நிலத்துக்கு அடிக்கும். அதனால் சைரன் குடிமனைக்குக் கடற்பக்கமாக நிற்கவேண்டும். உட்பக்கம் நட்டால், முதலில் ஓடவேண்டிய கரைவாடிக்காரருக்குத்தான் கேட்காது. அதற்காக அலை நனைக்கும் இடத்தில் நடுவதும் பிழை. மேடான இடம் பார்த்து, ஊதுகுழல் 12 மீற்றர் உயரத்துக்குக் குறையாமல் நிற்கட்டும். தாழ்வாகப் பூட்டினால் முன்னால் இருக்கும் கூரை சத்தத்தை மறைக்கும், கீழே நிற்பவரின் காதையும் பாதிக்கும்.

இன்னொன்றை மக்களிடம் ஒளிக்காமல் சொல்லவேண்டும். இது வெளியில் நிற்பவர்களுக்கான கருவி. கதவு பூட்டி, தகரக் கூரையில் மழை கொட்டும் இரவில் வீட்டுக்குள் படுத்திருப்பவருக்கு 70 டெசிபல் எட்டாது. கிராம அலுவலரின் தொலைபேசிச் சங்கிலி, கோயில் மணி, கைபிடி ஒலிபெருக்கியோடு போகும் இளைஞர்கள் எல்லாம் சைரனோடு சேர்ந்தே திட்டத்தில் எழுதப்படவேண்டும். கேட்கும் சக்தி குறைந்தவர்களின் வீடுகளைத் தனியாகக் குறித்துவையுங்கள். அவர்களுக்குக் கதவைத் தட்டும் ஆள் யார் என்று பெயரோடு இருக்கவேண்டும்.

மின்சாரம், பற்றரி, சூரியத் தகடு

மோட்டரால் சுற்றும் பழைய வகைச் சைரன் உரத்து ஊதும், ஆனால் புயலில் முதலில் நிற்பது மின்சாரம். நம் பக்கத்துக்குப் பற்றரியில் இயங்கும் மின்னணுச் சைரனே பொருந்தும். அதில் குரலும் ஒலிக்கும்.

400 வாற் சைரன் ஒன்றைக் கணக்குக்கு எடுங்கள். 24 வோல்ற்றில், இழப்பையும் சேர்த்து, ஊதும்போது ஏறத்தாழ 21 அம்பியர் இழுக்கும். அரை மணித்தியாலம் ஊதினால் பத்தரை அம்பியர்-மணி. றேடியோவும் கட்டுப்பாட்டுப் பலகையும் சும்மா விழித்திருக்க 0.3 அம்பியர், ஏழு நாளுக்கு 50. மொத்தம் 60 வரும். 100 அம்பியர்-மணி கொண்ட 12 வோல்ற் பற்றரி இரண்டைத் தொடராக இணைத்தால், ஒரு கிழமை வெயிலே இல்லாவிட்டாலும் தாக்குப்பிடிக்கும். மாரி நாளில் வெயில் மூன்று மணித்தியாலம் என்று வைத்தாலும் 90 வாற் சூரியத் தகடு வேண்டும். தூசியும் காகத்தின் எச்சமும் இருப்பதால் 150 போடுங்கள். தெற்கு நோக்கி 10 முதல் 15 பாகை சரிவு. முற்றிலும் தட்டையாகப் படுக்கவைத்தால் மழை கழுவாது.

பற்றரியைக் கொல்வது வெயில். வெப்பம் 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் அதன் ஆயுள் கிட்டத்தட்ட பாதியாகும். மேற்கு பார்த்த இரும்புப் பெட்டியின் உள்ளே பங்குனி, சித்திரையில் கை வைக்க முடியாது. பெட்டியை வடக்குப் பக்கம் பூட்டி, வெள்ளைப் பெயின்ற் அடித்து, மேலே ஒரு தகரத்தை இடைவெளி விட்டு நிழலாகப் போடுங்கள். சார்ஜ் பண்ணும் கருவி வெப்பத்துக்கு ஏற்ப வோல்ற்றைக் குறைக்கும் வகையாக இருக்கட்டும்: 25 பாகையில் 13.6 என்றால் 40 பாகையில் 13.35 அளவுக்கு இறங்கவேண்டும். இவ்வளவு செய்தாலும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பற்றரி மாற்றும் காசை வரவுசெலவில் ஒதுக்கிவையுங்கள்.

உப்பும் கல்லும்

கடற்கரையில் ஆறு மாதம் நின்ற பெட்டியைத் திறந்தால் தெரியும்: பற்றரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்த உப்பு, கேபிள் நுழையும் ஓட்டையால் வந்த எறும்பு வரிசை, மின்பலகையின் குறுக்கே காய்ந்து ஒட்டிய பல்லி. இந்தப் பல்லி ஒன்றே முழுச் சைரனையும் ஊமையாக்கும். கேபிள் எப்போதும் பெட்டியின் அடிப்பக்கத்தால், ரப்பர் அடைப்போடு நுழையவேண்டும். மேலால் நுழைந்தால் மழைநீரும் கூட வரும். முனைகளுக்கு மசகு பூசுங்கள். ஊதுகுழலின் வாய் சற்றுக் கீழ்நோக்கி இருக்கட்டும். குளவி கூடு கட்டாதபடி கறள் பிடிக்காத வலை போடுங்கள். ஆணிகள் 316 வகைத் துருப்பிடிக்காத உருக்கு, கம்பம் சூட்டில் நாகம் (சிங்க்) தோய்த்தது. சாதாரண இரும்பில் பெயின்ற் அடித்துத் தந்தால் ஏற்காதீர்கள்.

அத்திவாரத்தைப் பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் காற்றழுத்தக் கணக்கோடு ஒப்பமிட்டுத் தரவேண்டும். நீங்கள் பார்க்கவேண்டியது: கம்பத்தின் அடித்தட்டு மணலுக்குள் புதையாமல் மேலே தெரிகிறதா, கொங்கிறீற்றுக்குள் கம்பி போதிய ஆழத்தில் இருக்கிறதா.

மின்னலின் மின்னை மண்ணுக்குள் இறக்கும் நில இணைப்பில்தான் யாழ்ப்பாணத்தில் அதிகம் ஏமாறுகிறார்கள். வலிகாமத்தில் ஒரு முழம் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். செப்புக்கோல் இறங்காவிட்டால் அதை வெட்டிக் குட்டையாக்கிப் புதைத்துவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். வெளியில் எந்த வித்தியாசமும் தெரியாது. சித்திரை, ஐப்பசியின் பின்னேர மின்னலில்தான் தெரியும்: பலகை முழுக்க எரிந்துபோகும். கோல் இறங்காத இடத்தில் 10 முதல் 15 மீற்றர் நீளத்துக்குக் கிடங்கு வெட்டி, செப்புப் பட்டியைப் படுக்கவைத்து, பெந்தொனைற் களியால் மூடவேண்டும். மணற்காட்டுப் பக்கம் காய்ந்த மணலும் மின்னைக் கடத்தாது, ஈரம் வரும் வரை இறக்கவேண்டும். நில இணைப்பின் மின்தடை அளவு 10 ஓமுக்கு மேல் காட்டினால் வேலையைப் பொறுப்பேற்காதீர்கள். அளவெடுப்பதைக் கோடையில் செய்யுங்கள்; மாரியில் எடுத்தால் எல்லாம் நன்றாகவே காட்டும்.

பரிசோதனை

மாதம் ஒருமுறை ஒரு செக்கன் மெல்லிய சத்தத்தில் ஊதிப் பார்த்தால் போதும். அதே நேரம் இரண்டு பற்றரியையும் தனித்தனியே, சைரன் இழுக்கும்போதே அளவிடுங்கள். ஒன்றுக்கொன்று அரை வோல்ற்றுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குறைந்தது பழுது. ஆனால் இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். ஊதுகுழலுக்குள் இருக்கும் 8 ஓம் ஒலிக்கருவி, ஓம் மீற்றரில் 6 அளவில் காட்டினால் நலம், எதுவும் காட்டாவிட்டால் சுருள் எரிந்துவிட்டது. சிம் அட்டையால் இயங்குவது என்றால் காசு போடாமல் இலக்கம் செத்துப்போவதே அடிக்கடி நடக்கும் பழுது. எந்தச் சைரனிலும் பெட்டிக்குள் கையால் திருப்பும் சுவிச் ஒன்று கட்டாயம்.

முழுச் சத்தப் பரிசோதனை மாவட்டப் பிரிவின் சம்மதத்தோடு மட்டும், வருடம் இரண்டு முறை. ஒன்று மாரி தொடங்குமுன் புரட்டாசியில். குறைந்தது மூன்று நாள் முன்பே கோயில், தேவாலயம், பள்ளிவாசல், பாடசாலை எல்லாவற்றிலும் அறிவியுங்கள். போர்க்காலத்தைக் கடந்த ஊர்கள் இவை. அறிவிக்காமல் ஊதினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் தாயும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும் முதியவரும் உண்டு. அவர்களுக்கு அந்தத் துன்பத்தைக் கொடுக்க எவருக்கும் உரிமை இல்லை. ஊதும் முன்னும் பின்னும் "இது பரிசோதனை" என்று குரலில் சொல்லவேண்டும், தமிழில். வடக்கில் தமிழ் நிர்வாக மொழி. பிற மொழியில் மட்டும் பதிவுசெய்த குரலோடு கருவி வந்தால் மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள்.

ஏற்கனவே நிற்கும் கோபுரம் வேலை செய்கிறதா என்று தெரியாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்களுக்குத்தான். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, வெள்ளைத் தாளில் எழுதினாலும் ஏற்கவேண்டும். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. "கோபுரம் எப்படி இருக்கிறது" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்று ஒரு வரி வரும். இப்படிக் கேளுங்கள்: கடைசியாக முழுச் சத்தத்தில் ஊதிய திகதி, பற்றரி மாற்றிய திகதி, கடைசி நில இணைப்பு அளவு, பராமரிப்பு ஒப்பந்தம் முடியும் நாள், பெட்டியின் திறப்பை வைத்திருப்பவர் வகிக்கும் பதவி.