கரகரக்கும் கம்பி, சாயும் பிரிட்ஜ்

பல ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்த எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றை வெளியே எடுத்துப் புதுக் கம்பிகளை மாட்டியதிலிருந்து, எந்த ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கீற்று) விரல் வைத்தாலும் ‘ர்ர்ர்’ என்று கரகரக்கிறது. பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் சாடில்களை உயர்த்தினால் அடங்குகிறது, இரண்டு நாளில் மறுபடி வந்துவிடுகிறது. இதற்கு என்னதான் வழி என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கேள்வியின் கடைசியில், போகிற போக்கில், இரண்டு தகவல்களையும் சொல்லியிருந்தார். அது ட்ரெமலோ பிரிட்ஜ் (கம்பிகளின் அடிமுனையைப் பற்றியிருக்கும் அசையும் பாலம்) உள்ள கிட்டார். பழைய கம்பிகளைவிட மெல்லிய கம்பிகளை இப்போது மாட்டியிருக்கிறார். விடை முழுவதும் இந்த இரண்டு தகவல்களுக்குள்தான் இருக்கிறது.

மீட்டப்பட்ட கம்பி தன் ஓய்வுநிலைக்கு இருபுறமும் ஊசலாடுகிறது. கீழே வரிசையாக நிற்கும் ஃபிரெட்டுகளுக்கும் கம்பிக்கும் இடையிலுள்ள வெளியைவிட அந்த ஊசல் பெரிதானால், உலோகத்தில் உலோகம் தட்டும், அதுவே கரகரப்பு. 17ஆவது ஃபிரெட்டின் மேல் இந்த வெளி வழக்கமாக 1.6 மி.மீ. அளவில்தான் வைக்கப்படுகிறது என்பதால், அரை மில்லிமீட்டர் குறைந்தாலே காதுக்குத் தெரிந்துவிடும். (தம்புராவில் மேடைமேல் ஒரு நூலிழையைச் செருகி நாம் வேண்டி வரவழைப்பதும் இதற்கு உறவான ஒலிதான். மீட்டும் இடத்தைப் பொறுத்து எழாமற்போக வேண்டிய மேற்சுரங்கள்கூட அங்கே ஒலிப்பதை சி. வி. ராமன் 1921இல் சுட்டிக்காட்டினார். அங்கே கம்பி ஒழுங்காகத் தொட்டுத் தொட்டு எழுவதால் நாதம் செழிக்கிறது. கிட்டாரிலோ கண்ட இடத்தில் முட்டிச் சுரம் பாதியில் சாகிறது.)

நீளமும் சுருதியும் மாறாதிருக்க, ஒரே உலோகத்தால் ஆன கம்பிக்குத் தேவையான இழுவிசை அதன் விட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது பள்ளியில் படித்ததுதான். 0.010 அங்குலக் கம்பிக்குப் பதிலாக 0.009 அங்குலக் கம்பியைப் போட்டால் இழுவிசை 81 விழுக்காடாகிறது. ஆறு கம்பிகளையும் சேர்த்துப் பார்த்தால், ஏறத்தாழ 46 கிலோ எடைக்குச் சமமாக இருந்த இழுப்பு 38 கிலோ அளவுக்கு இறங்குகிறது. அதே விசையோடு மீட்டும்போது தளர்ந்த கம்பி கூடுதலாக ஊசலாடுவது முதல் விளைவு. கம்பிகளின் இழுப்பால் மெல்ல முன்வளைந்திருந்த கழுத்து, உள்ளே இருக்கும் உலோகத் தண்டான டிரஸ் ராடின் எதிர்விசைக்கு இணங்கி நிமிர்வதும், சில வேளைகளில் பின்னோக்கி வளைவதும் இரண்டாவது விளைவு. மரம் உடனே நிமிராமல் சில நாள் எடுத்துக்கொள்ளும். வாசகரின் கிட்டார் இரண்டு நாள் அடங்கியிருந்துவிட்டு மறுபடி கரகரத்ததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மூன்றாவது விளைவு பிரிட்ஜில் நிகழ்வது. நான் இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1956இல் பெற்ற அமைப்பு இந்த ட்ரெமலோ பிரிட்ஜ். சுருதியை ஆட்டும் இக்கருவிக்கு ‘விப்ராட்டோ’ என்பதே சரியான பெயர். ஒலியின் அளவு ஏறி இறங்குவதுதான் ட்ரெமலோ. ஆனால் அவர் வைத்த பெயரே நிலைத்துவிட்டது. ஓர் உலோகத் தட்டு. அதன் முன்விளிம்பு ஆறு திருகாணிகளில் பதிந்து கதவுக் கீலைப்போல அசைகிறது. தட்டின் அடியில் கனத்த உலோகக் கட்டை ஒன்று உடலைத் துளைத்து இறங்குகிறது. கட்டையின் வழியே மேலேறும் கம்பிகள் சாடில்களின் மேலாகக் கழுத்தை நோக்கிச் செல்கின்றன. முதுகுப்பக்கக் குழியில் மூன்று முதல் ஐந்து ஸ்பிரிங்குகள் கட்டையின் அடிப்பகுதியைப் பற்றி இழுக்கின்றன. அவற்றின் மறுமுனை, இரண்டு நீண்ட திருகாணிகளால் மரத்தில் பொருத்தப்பட்ட கொக்கித் தகட்டில் மாட்டியிருக்கிறது.

ஆக, இது ஒரு தராசு. கம்பிகள் தட்டை முன்பக்கமாகத் தூக்கப் பார்க்கின்றன. ஸ்பிரிங்குகள் பின்பக்கமாகப் படுக்கவைக்கப் பார்க்கின்றன. கம்பிகள் கீலுக்கு மிக அருகிலிருந்து இழுக்க, ஸ்பிரிங்குகள் தொலைவிலிருந்து இழுப்பதால், நெம்புகோல் விதிப்படி அவற்றுக்குக் குறைந்த விசையே போதும். இரண்டு திருப்புத்திறன்களும் சமமாகும் இடத்தில் தட்டு காற்றில் நிற்கிறது. நிற்கிறதே தவிர, எதன்மேலும் ஊன்றியிருக்கவில்லை! ஒரு கம்பியின் சுருதியைக் கூட்டினால் தட்டு இம்மியளவு எழும். எழுந்தவுடன் மற்ற ஐந்தும் தளர்ந்து சுருதி இறங்கும். ஒரு கம்பி செய்த குற்றத்துக்கு ஐந்து கம்பிகளுக்குத் தண்டனை. ஐந்தையும் சரிசெய்துவிட்டு முதல் கம்பிக்குத் திரும்பினால் இப்போது அது இறங்கியிருக்கும். ஆனாலும் ஒவ்வொரு சுற்றிலும் பிழை சிறுத்துக்கொண்டே வந்து, நான்கைந்து சுற்றுகளில் எல்லாம் ஓரிடத்தில் ஒடுங்கிவிடும். இதற்குப் பொறுமையிழந்து கிட்டாரை விற்றவர்களை நான் அறிவேன். எனக்கோ இந்த ஒடுக்கத்தைப் பார்ப்பதே இன்பம்.

இந்தத் தராசில் கம்பிகளின் பக்கம் எட்டுக் கிலோ குறைந்தால் ஸ்பிரிங்குகள் வெல்கின்றன. தட்டின் பின்விளிம்பு உடலை நோக்கி இறங்குகிறது. அது 2 மி.மீ. இறங்கினால், கீலுக்கும் பின்விளிம்புக்கும் நடுவே அமர்ந்திருக்கும் சாடில் ஏறத்தாழ 1 மி.மீ. இறங்கும். 12ஆவது ஃபிரெட் கம்பியின் சரிபாதி என்பதால் அங்கே அரை மி.மீ. குறையும். இருந்த இடைவெளியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அப்படியே போய்விட்டது. சாடிலை உயர்த்தி இதை ஈடுகட்டுவது, சாய்ந்த தராசை விட்டுவிட்டுத் தட்டில் இருக்கும் காயை அடுக்கிவைப்பதற்குச் சமம்.

எனவே முதல் வேலை முதுகுப்பக்கத்தில். கொக்கித் தகட்டின் இரு திருகாணிகளையும் அரைச் சுற்று தளர்த்தி, முழுவதும் சுருதி சேர்த்து, பிறகு தட்டின் பின்விளிம்புக்கு அடியில் 3 மி.மீ. டிரில் பிட் ஒன்றைச் செருகிப் பார்க்க வேண்டும். அது உரசியும் உரசாமலும் நுழையும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். ஸ்பிரிங்குகள் ஐந்து இருந்தால் ஒன்றிரண்டைக் கழற்றிவிடலாம். அடுத்தது கழுத்து: ஒரு கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடித்தால், 7, 8ஆவது ஃபிரெட்டுகளின் மேல் 0.2 முதல் 0.3 மி.மீ. வெளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் டிரஸ் ராடைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி ஒருநாள் காத்திருங்கள். பழைய கிட்டாரில் அது இறுகிக்கிடந்தால் முரட்டுத்தனம் கூடாது. கழுத்து அசைந்ததும் சுருதி மாறும், சுருதி மாறியதும் தராசு மாறும் என்பதால் பிரிட்ஜை மறுபடி பார்த்துவிட்டே சாடிலைத் தொட வேண்டும். நான் முதன்முதலில் இதைத் தலைகீழாகச் செய்து ஒரு பகல் முழுவதையும் தொலைத்தேன். பழைய மரத்துக்குப் புதுக் கம்பி ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்று அப்போது எனக்குச் சொல்லப்பட்டது. ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளிகளை அளக்கும் மெல்லிய தகடுகள்) கையில் இருப்பவர் இத்தகைய மூடநம்பிக்கைகளுக்குக் காது கொடுக்க வேண்டியதில்லை.

விரல் வைக்காமல் மீட்டும்போது மட்டும் கரகரத்தால் குறை, கழுத்தின் தலைமுனையில் கம்பிகளைத் தாங்கும் நட்டின் பள்ளத்தில் இருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் என்றால், அதற்கு அடுத்துள்ள ஃபிரெட் எழும்பியிருக்கிறது. இவை வேறு கதை. முதுகுப்பக்க ஸ்பிரிங்குகள் தாமாகவே அதிர்ந்து ஒலிப்பதும் உண்டு. அவற்றின்மேல் உள்ளங்கையை வைத்தவுடன் ஒலி நின்றால், ஒரு துண்டு ஸ்பான்ஜைச் செருகினால் போதும்.

எல்லாம் முடிந்த பின்னும் மெலிதாக ஏதோ கேட்டால், திருகுளியைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டாரை ஆம்ப்ளிஃபையரில் இணைத்துப் பாருங்கள். பிக்கப்பின் காந்தம் தன் தலைக்கு மேலே கம்பி அசைவதைத்தான் பதிவுசெய்கிறது. ஃபிரெட்டிலிருந்து காற்றில் பரவும் சிறு தட்டலொலி அதற்குப் பெரும்பாலும் எட்டுவதில்லை.