காப்பாற்றுவதாக எண்ணித் தோண்டாதீர்கள்

இந்தக் கோடையில் மூன்றாவது முறையாக ஒருவர், ஈரமண்ணோடு ஒரு செடியைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, "காப்பாற்றி எடுத்து வந்துவிட்டேன், என்ன உரம் போடலாம்?" என்று கேட்டார். சிகாகோவைச் சுற்றியுள்ள ஈரப்புல்வெளிகளைச் சீரமைப்பது என் வேலை. பையில் இருந்தது பிளாட்டந்தெரா லூக்கோஃபேயா: கோரைகளுக்கிடையே நிமிர்ந்து நின்று, ஜூன் இறுதியில் குஞ்சம் வைத்தாற்போன்ற வெண்பூக்களைத் தாங்கும் ஆர்க்கிட். சதுப்புகளை வடித்து வயலாக்கியதில் அருகிப்போய், 1989 முதல் அமெரிக்கக் கூட்டரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது.

இது பிழைக்காது என்றால், "மண்ணோடுதானே எடுத்தேன்" என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். கடையில் விற்கும் ஆர்க்கிட் மரத்தில் ஒட்டி வளரும் இனம். மரப்பட்டைத் துண்டுகளில் வைத்து அளவாகத் தண்ணீர் விட்டால் பிழைத்துக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டு இதையும் அப்படியே எண்ணுகிறார்கள். இதன் விதை தூசியளவுதான், உள்ளே சேமித்த உணவு கிடையாது. மண்ணிலுள்ள பூஞ்சை அதனுள் புகுந்து ஊட்டினால்தான் முளைக்கும்; பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். வளர்ந்த பின்னும் அதன் வேர்கள் அந்தப் பூஞ்சையோடுதான் வாழ்கின்றன. அந்தப் பூஞ்சையையும், வசந்தத்தில் உயர்ந்து கோடையில் இறங்கும் நிலத்தடி நீரையும் எந்தப் பையில் அள்ளி வருவீர்கள்? உரம் போட்டால் இன்னும் விரைவாகச் சாகும்.

மாலையில் மணம் பரப்பி நீள்நாக்கு அந்துப்பூச்சிகளை அழைக்கும் பூ இது. அவை போதிய அளவில் வராத இடங்களில், கொசுக்கடியைப் பொறுத்துக்கொண்டு, பல்குத்தும் குச்சியால் ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொரு செடிக்கு நாங்களே மாற்றுகிறோம். தன் மகரந்தத்தாலேயே கருவுற்றால் நல்ல விதைகள் குறைந்துவிடும். ஆகவே பத்துச் செடிகள் உள்ள இடத்தில் ஒன்றைத் தோண்டினால் மற்ற ஒன்பதுக்கும் இழப்புதான்.

பலகைப் பாதையை விட்டு இறங்காதீர்கள்; பூக்காத ஆண்டில் இச்செடி உங்கள் காலடியிலேயே மண்ணுக்குள் உறங்கிக்கொண்டிருக்கலாம். படம் எடுங்கள், இடத்தை மட்டும் எங்கும் பகிராதீர்கள். நில உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி எடுப்பது இல்லினாய் மாநிலச் சட்டப்படி குற்றம். புல்வெட்டும் இயந்திரம் வருகிறதென்று அஞ்சினால், மண்வெட்டியைத் தேடாமல் நிலத்தைப் பராமரிப்பவரிடம் சொல்லுங்கள். ஏற்கெனவே தோண்டிவிட்டீர்களானால், தயவுசெய்து அன்றைக்கே செடியோடு வந்து குழி இருக்கும் இடத்தைக் காட்டுங்கள், திட்டமாட்டேன். கடைசியாக வந்தவருக்கு அந்தக் குழி எங்கே என்பதே நினைவில்லை.