ஸ்டோர் ரூமில் உறங்கும் கணினிகள்: பர்ச்சேஸ் ஆர்டரிலேயே தொடங்கும் கழிவு

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் நின்றுபோயின. அதற்குப் பிறகு, நான் ஏஎம்சி (வருடாந்திர பராமரிப்பு ஒப்பந்தம்) பார்க்கும் அலுவலகங்கள் பலவற்றில் ஸ்டோர் ரூம் கதவைத் திறப்பதே பாடாகிவிட்டது. சிபியூக்கள் கூரை வரை அடுக்கியிருக்கின்றன, லேப்டாப்கள் அட்டைப்பெட்டியில் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஆன் செய்தால் இன்றும் ஓடும். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி இல்லை, அல்லது இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர் என்பதால் விண்டோஸ் 11 அவற்றை ஏற்பதில்லை. எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) போட்ட ஏழாம் தலைமுறை ஐ5 மெஷின் ஒன்று டேலி கணக்கு மென்பொருளுக்கும் எக்செலுக்கும் தாராளமாகப் போதும்.

"இதையெல்லாம் என்ன சார் பண்றது?" என்று கேட்பவர்களிடம் மெஷின்களை முதலில் இனம் பிரிக்கச் சொல்கிறேன். பிரவுசரை மட்டும் நம்பியிருக்கும் மேசைகளுக்கு, விண்டோஸுக்குப் பதில் இலவச இயங்குதளமான லினக்ஸ் போதும். விண்டோஸ் கட்டாயம் தேவைப்படும் மெஷினுக்கு, காசு கொடுத்து நீட்டிப்பு அப்டேட் வாங்கும் வழி நிறுவனங்களுக்கு 2028 வரை உண்டு. அறிவித்த விலை முதல் வருஷம் ஒரு மெஷினுக்கு 61 டாலர், பிறகு வருஷா வருஷம் இரட்டிப்பு. மூன்று வருஷமும் வாங்கினால் 427 டாலர். அந்தக் காசுக்கு நல்ல செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பே கிடைக்கும். எனவே ஒரு வருஷத்துக்கு வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது, மூன்று வருஷத்துக்கு இல்லை.

பழையதை ஓட்டுவதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்கலாம். பெரிய கணினி நிறுவனங்கள் மாடல் வாரியாகக் கார்பன் கணக்குத் தாள் வெளியிடுகின்றன. வணிக லேப்டாப் ஒன்றின் மொத்த ஆயுளுக்கும் சேர்த்து பெரும்பாலும் 200 முதல் 350 கிலோ வரை கரியமில வாயுவுக்குச் சமமான அளவு என்று அவற்றில் இருக்கும். அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு, மெஷின் நம் மேசைக்கு வருவதற்கு முன்பே வெளியேறிவிட்டது. சிப், டிஸ்பிளே, மதர்போர்டு, எஸ்எஸ்டி ஆகியவைதான் பெரும் பங்குதாரர்கள். சிப் தொழிற்சாலைகள் குடிக்கும் மின்சாரமும் மிகத் தூய்மையாக்கிய நீரும் கொஞ்சநஞ்சமல்ல. மறுசுழற்சி பிளாஸ்டிக் கலந்த மேலுறை என்று பிரோஷரில் பக்கம் முழுக்கப் படம் போடுவார்கள். நல்ல காரியம்தான். ஆனால் சுமையின் பெரும்பகுதி மேலுறையில் இல்லை.

புது மாடல் கரண்டை மிச்சப்படுத்துமே என்ற வாதம் அடிக்கடி வரும். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். லேப்டாப் சராசரியாக 30 வாட், நாளுக்கு 8 மணி நேரம், வருஷத்துக்கு 250 நாள் என்றால் 60 யூனிட். நம் நாட்டு மின்சாரத்துக்கு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்று வைத்தால் 42 கிலோ. புதியது மூன்றில் ஒரு பங்கை மிச்சம் பிடித்தாலும் வருஷத்துக்கு 14 கிலோதான். அதைச் செய்ய வெளியானது 250 கிலோ என்றால், ஈடுகட்டப் பதினேழு வருஷத்துக்கு மேல் ஆகும். டெஸ்க்டாப் கதை வேறு. மானிட்டரோடு சேர்த்து 60 வாட் இழுக்கும் சிஸ்டத்தை ராப்பகலாக அணைக்காமல் விட்டால் வருஷத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டும், அதாவது 350 கிலோவுக்கு மேல். ஒரு லேப்டாப்பைச் செய்வதில் வெளியாவதைவிட அது அதிகம். "ரிமோட்ல எடுக்கணும் சார், ஆஃப் பண்ணாதீங்க" என்று மானிட்டரில் சீட்டு ஒட்டியிருக்கும் அலுவலகங்கள் அணைத்த மெஷினை நெட்வொர்க் வழியே எழுப்பும் வேக்-ஆன்-லேன் என்ற வசதியைக் கேள்விப்பட்டதே இல்லையோ என்று தோன்றும்.

இத்தனைக்குப் பிறகும் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள். ஏன் என்று கேட்டால் பதில் ஐடி ஆட்களிடம் இருக்காது, அக்கவுண்ட்ஸில் இருக்கும். 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை டெஸ்க்டாப், லேப்டாப்புக்குப் பயன்பாட்டு ஆயுள் 3 வருஷம் என்றும், சர்வர், நெட்வொர்க் கருவிகளுக்கு 6 வருஷம் என்றும் வைத்திருக்கிறது. வாரண்டியும் பெரும்பாலும் மூன்று வருஷம். இரண்டும் ஒரே மாதத்தில் முடிய, "ஃபுல்லா டிப்ரிசியேட் ஆயிடுச்சு", அதாவது தேய்மானம் முழுக்கக் கழிந்துவிட்டது என்று ஒரு மெயில் வரும். தேய்மானத்தைக் கணக்கு எழுதத்தான் சட்டம் சொல்கிறது. தூக்கிப் போடச் சொல்லவில்லை. புத்தகத்தில் மதிப்பு தீர்ந்த மெஷின் இன்னும் மூன்று வருஷம் உழைத்தால் கம்பெனிக்குத்தான் லாபம் என்பதை எந்த சிஎஃப்ஓவும் (நிதித் தலைவர்) ஒரு நிமிஷத்தில் புரிந்துகொள்வார். யாரும் அவரிடம் போய்ச் சொல்வதில்லை.

ஆறு வருஷம் உழைக்க வேண்டுமென்றால் அதற்கேற்ற மெஷினை வாங்கியிருக்க வேண்டும். நான் பார்க்கும் கொட்டேஷன்களில் பிராசசர், ரேம், எஸ்எஸ்டி, விலை என்ற நாலு வரியே இருக்கும். ரேம் போர்டோடு சாலிடர் செய்ததா, ஸ்லாட்டில் செருகியதா என்ற கேள்வி அதில் இல்லை. 8 ஜிபி சாலிடர் செய்த மெல்லிய லேப்டாப் இரண்டே வருஷத்தில் மூச்சு வாங்கத் தொடங்கும், அதற்கு மருந்தே கிடையாது. ஸ்லாட் இருந்தால் ஒரு ரேமைச் செருகி இன்னும் மூன்று வருஷம் ஓட்டலாம். மெலிதாக வேண்டுமே என்ற சாக்கும் இப்போது பலவீனமாகிவிட்டது. கழற்றி மாட்டக்கூடிய எல்பிகேம்2 வகை ரேம் 2024-லேயே லேப்டாப்பில் வந்துவிட்டது. அதே வருஷம் லெனோவோவின் திங்க்பேட் டி14 ஐந்தாம் தலைமுறைக்கு, பழுதுபார்க்கும் எளிமைக்காக, கருவிகளைப் பிரித்துப் பார்த்து மதிப்பிடும் ஐஃபிக்சிட் நிறுவனம் பத்துக்கு ஒன்பது கொடுத்தது. பிரான்சில் 2021 ஜனவரி முதல் லேப்டாப் விற்பவர்கள் பழுதுபார்ப்பு மதிப்பெண்ணை விலையோடு சேர்த்துக் காட்ட வேண்டும். நம் ஊரில் அப்படி ஒரு விதி வரும்வரை, டெண்டரில் நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான். பேட்டரி ஸ்குரூவில் இருக்க வேண்டும், பசையில் அல்ல. சர்வீஸ் மேனுவல் பொதுவில் கிடைக்க வேண்டும். ஐந்து வருஷத்துக்கு உதிரி பாகம் தருவோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சார்ஜிங் போர்ட் தனிப் பலகையில் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். மதர்போர்டிலேயே பதித்திருந்தால் ஒரு சின்ன போர்ட் ஆடியதற்கு முழு மதர்போர்டையும் மாற்றச் சொல்லும் கொட்டேஷன் வரும்.

பேட்டரி பற்றி ஒரு வார்த்தை. நாள் முழுக்க சார்ஜரில் செருகிக் கிடக்கும் லேப்டாப்பின் பேட்டரி நூறு சதவீதத்திலேயே நிற்கும். நம் ஊர் வெயிலும் சேர்ந்தால் சீக்கிரமே உப்பி டச்பேடைத் தூக்கிவிடும். பெரும்பாலான வணிக மாடல்களில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் அமைப்பு பயாஸிலோ (மெஷின் ஆன் ஆகும்போதே ஓடும் அடிப்படை அமைப்பு) தயாரிப்பு நிறுவனத்தின் ஆப்பிலோ இருக்கிறது. செலவே இல்லாத வேலை.

கடைசியில் கழிக்கும் நாள். 2022-ல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது, அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்குப் போனதாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே என்கிறது ஐ.நா. ஆதரவில் வந்த 2024 அறிக்கை. மீதியில் ஒரு பகுதி நம் காயலான் கடைகள் வழியாகத்தான் போகிறது. வயரை எரித்துச் செம்பு, போர்டை அமிலத்தில் போட்டுத் தங்கம். புகையும் கழிவுநீரும் அந்த வேலையைச் செய்பவரின் நுரையீரலுக்கும் தெருச் சாக்கடைக்கும் போகின்றன. அதே சமயம், சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெரு போன்ற இடங்களில் மதர்போர்டைச் சிப் அளவில் பிரித்து உயிர் கொடுக்கும் கைகள் இருக்கின்றன. எந்த கம்பெனியின் பசுமைக் கொள்கையிலும் அவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது என்பது எனக்கு நெடுநாள் எரிச்சல்.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, ஒரு நிதியாண்டில் எப்போதாவது ஆயிரம் கருவிகளுக்குக் குறையாமல் பயன்படுத்திய நிறுவனம் 'பெரும் நுகர்வோர்'. கழிவைப் பதிவுபெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பாளர் அல்லது மறுசுழற்சியாளரிடம்தான் அது ஒப்படைக்க வேண்டும். நடுவில் இருக்கும் அந்தப் புதுப்பிப்பாளரைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஓடும் மெஷின் முதலில் அவரிடம் போக வேண்டும், ஓடாதது மட்டும் மறுசுழற்சிக்கு.

அப்படிப் போகவிடாமல் தடுப்பது டேட்டா பயம். ஹார்ட் டிஸ்கில் டிரில் போட்டு ஓட்டை போடுகிறார்கள், எஸ்எஸ்டியைச் சுத்தியலால் உடைக்கிறார்கள். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட்டின் 800-88 வழிகாட்டி, டிஸ்கை உடைக்காமலே தகவலை மீட்க முடியாதபடி அழிக்கும் முறைகளைச் சொல்கிறது. முதல் நாளிலிருந்தே விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கத்தைப் போட்டு வைத்திருந்தால் வேலை இன்னும் சுலபம். டிஸ்கை உடைப்பதைவிடக் கொடுமை, மெஷினில் விட்டுப்போகும் பூட்டு. பயாஸ் பாஸ்வேர்டை எடுக்காமல், கம்பெனியின் ஆட்டோபைலட் பதிவிலிருந்து (மெஷினைக் கம்பெனியோடு பிணைக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை) நீக்காமல் லாட்டாக, அதாவது மொத்தமாக விற்றுவிடுவார்கள். வாங்கியவர் ஆன் செய்தால் பழைய கம்பெனியின் லோகோ வந்து லாகின் கேட்கும். செட்டிங் தெரிந்த அட்மின் அதற்குள் வேலையை விட்டுப் போயிருப்பார். நல்ல மெஷின் கிலோ ரேட்டுக்கு உடைபடும். லாட் கிளம்புவதற்கு முன் சீரியல் நம்பர் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பூட்டு நீக்கியாயிற்றா, டேட்டா அழித்த சான்று இருக்கிறதா என்று டிக் அடித்த பிறகே கேட் பாஸில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அசெட் டேக் ஸ்டிக்கரையும் கிழித்துவிடுங்கள்.