முறிவா, சிதைவா? ‘லிப்ஸ்’ முறைக்கு ஒரு தமிழ்ப்பெயர்

பாறையைத் தொடாமலேயே அதன் தனிமங்களை அறியும் லேசர் முறையை, ‘லேசர் இண்டியூஸ்டு பிரேக்டவுன் ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி’ என்ற ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டி ‘லிப்ஸ்’ என்கின்றனர். அப்பெயரிலுள்ள ‘பிரேக்டவுன்’ என்ற சொல்லைச் ‘சிதைவு’ என்று பெயர்த்தால் பொருள் தவறிவிடும். அச்சொல் கல் உடைவதைக் குறிப்பதன்று. மின்சாரத்தைக் கடத்தாத பொருளொன்று, வலிமைமிக்க மின்புலத்தில் தன் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பறிபோக, திடீரென்று கடத்தியாகிவிடும் நிலையைக் குறிப்பது. மின்னல் வெட்டும்போது காற்றுக்கு நேர்வதும் இதுவே. டையோடு பற்றிய இயற்பியல் பாடத்தில் ‘முறிவு மின்னழுத்தம்’ என்ற வழக்கு ஏற்கெனவே இருப்பதால், ‘முறிவு’ என்பதே இங்கும் பொருந்தும். சிதைவு என்றால் கதிரியக்கம் நினைவுக்கு வரும். அது அணுக்கருவில் நிகழ்வது, இங்கோ கருவுக்கு எந்த மாற்றமும் இல்லை.

முறிவு எப்படி நிகழ்கிறது என்பதைச் செவ்வாயில் பார்க்கலாம். 2012 ஆகஸ்ட் 19 அன்று, கேல் பள்ளத்தில் இறங்கியிருந்த கியூரியாசிட்டி ஊர்தியின் கெம்கேம் கருவி, ‘கொரோனேஷன்’ என்று பெயரிடப்பட்ட கைம்முட்டியளவுக் கல்லின்மீது 10 விநாடிகளில் 30 லேசர்த் துடிப்புகளைப் பாய்ச்சியது. ஒவ்வொரு துடிப்பும் ஒரு விநாடியின் நூறு கோடியில் ஏறத்தாழ 5 பங்கு நேரமே நீடித்தது. ஆனால் அதன் திறன் 10 லட்சம் வாட்டுக்கும் மேல். ஒரு மில்லிமீட்டருக்கும் குறுகிய அந்தப் புள்ளியில் கல் ஆவியாகி, எலக்ட்ரான்கள் பிரிந்த வளிமமான பிளாஸ்மாவாகி, ஒளிர்ந்து அணைந்தது. முதல் துடிப்பில் தெரிந்த ஹைட்ரஜன் அடுத்தடுத்த துடிப்புகளில் காணப்படவில்லை. மேற்பரப்பில் மட்டுமே அது இருந்தது. முதற்கட்ட ஆய்வு, அக்கல்லின் ஒளி எரிமலைப் பாறையான பசால்ட்டோடு ஒத்துப்போவதாகக் காட்டியது.

அந்த ஒளியை அலைநீள வாரியாகப் பிரித்துக் காட்டுவதே நிறமாலை. ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளங்களில் ஒளிர்வதால், அதில் தனித்தனிக் கோடுகளாகத் தெரியும். இதன் ஆங்கிலச் சொல்லான ‘ஸ்பெக்ட்ரம்’ இலத்தீனில் தோற்றம், மாயத்தோற்றம் என்று பொருள்படுவது. முப்பட்டகம் பிரித்த வண்ணப்பட்டைக்கு அதை வழங்கியவர் நியூட்டன். அதன் நிழலுருவப் பொருளை ஒட்டாமல், நிறங்களைக் கோத்த மாலையாகவே கண்ட தமிழாக்கம் எனக்கு மிகவும் பிடித்தமானது. சோடியத்தின் 589 நானோமீட்டர் மஞ்சள் கோடுகளுக்கு அது அழகாகப் பொருந்துகிறது. பசால்ட்டின் எடையில் ஏறத்தாழப் பாதி சிலிக்கான் டைஆக்சைடு; ஆனால் அந்தச் சிலிக்கானின் வலுவான கோடு 288 நானோமீட்டரில், கண்ணுக்குத் தெரியாத புறஊதாப் பகுதியில் விழுகிறது. எனவே ‘அலைமாலை’ என்பாரின் வாதத்திலும் நியாயம் உண்டு. இலங்கைப் பாடநூல்கள் ‘திருசியம்’ என்ற வடசொல்லை ஆள்கின்றன. காணப்படுவது என்ற அதன் பொருளுக்கும் இதே தடை உண்டு. பழகிய ‘நிறமாலை’யை மாற்ற வேண்டியதில்லை என்பதே என் முடிவு.

கோடு உயரமாக இருந்தால் அத்தனிமம் மிகுதி என்று நேரடியாகக் கொள்ளக் கூடாது. சில கோடுகள் எளிதில் ஒளிர்வன. அதனாலேயே சேர்மானம் முன்பே அறிந்த ஒப்பீட்டு வில்லைகளை ஊர்தி தன்னோடு கொண்டு சென்றது.

லேசருக்குச் ‘சீரொளி’ என்ற நல்ல சொல் உண்டு. அலைகள் சீராக ஒத்தியங்குவதை அது சொல்கிறது. ஆகவே முழுப்பெயர்: சீரொளித் தூண்டல் முறிவு நிறமாலையியல்.