பம்பு பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் தொட்டிக்கு வராது

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, கப்பி மீனோ டிஸ்கஸ் மீனோ வளர்க்கிறவர்கள் தட்டுத் தட்டாக அடுக்கிய ஆறேழு தொட்டிகளை ஒரே சம்ப்பில் (எல்லாத் தொட்டித் தண்ணீரும் வடிந்து சேரும் கீழ்த்தொட்டி; அங்கிருந்து பம்பு மேலே ஏற்றும்) இணைப்பது வழக்கம். கணக்கு பிசகுவது பெரும்பாலும் பம்பில்தான்.

75 × 40 செ.மீ. தொட்டியில் 35 செ.மீ. தண்ணீர் நின்றால் சுமார் 100 லிட்டர். ஆறு தொட்டிக்கு 600. மணிக்கு நான்கு சுற்று ஓட வேண்டுமென்றால் 2,400 லிட்டர். உடனே 2,500 லிட்டர் பம்பை வாங்கி வந்துவிடுகிறார்கள். அந்த எண் தண்ணீரை ஏற்றாமல், குழாய் இல்லாமல் அளந்தது. அதோடு 'எச் மேக்ஸ்' என்று இன்னோர் எண்ணும் போட்டிருக்கும். அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வராது. சம்ப்பின் நீர்மட்டத்திலிருந்து மேல் தட்டுக் குழாயின் வாய் வரை அளந்து பாருங்கள். ஒன்றரை மீட்டர் இருந்தால், எல்போ எனும் வளைவு இணைப்புகளுக்கும் வால்வுகளுக்கும் இன்னும் அரை மீட்டர் சேர்த்து இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். 4 மீட்டர் எச் மேக்ஸ் உள்ள 6,000 லிட்டர் பம்பு அங்கே ஏறக்குறைய பாதிதான் தரும். நமக்குத் தேவையான 2,400-க்கு அது போதும்.

குழாயில் கஞ்சத்தனம் வேண்டாம். அதே அளவு தண்ணீரை விட்டத்தில் பாதியான குழாயில் தள்ளினால் உராய்வு ஏறக்குறைய 30 மடங்காகும். ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமா? வெளியேறும் பக்க வால்வைத் திருகுங்கள். உறிஞ்சும் பக்கத்தை நெரித்தால் பம்புக்குள் கூழாங்கல் உருள்வது போலச் சத்தம் வரும், உள்ளே சுழலும் இம்பெல்லர் கெடும். கீழ்த்தட்டுத் தொட்டிக்குத்தான் தண்ணீர் அதிகம் பாயும். ஆகவே தொட்டிக்கொரு வால்வு வைத்து, கீழே இருப்பதை முதலில் குறைக்க வேண்டும்.

பம்பு சம்ப்பின் கடைசி அறையில், ரப்பர் துண்டின் மேல் உட்காரட்டும். வெளியே வைக்கும் பம்பென்றால் சம்ப்பின் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும்; சாதாரண பம்பு தானாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளாது. நீருக்குள் வைத்தால் அதன் சூடு முழுவதும் தண்ணீரில்தான் இறங்கும். நம் ஊர் வெயிலுக்கு இதுவும் யோசிக்க வேண்டியதே.

மாலை இடிமழையில் கரண்டு போனால் என்ன ஆகும்? நீரில் மூழ்கிய குழாய் வாய் தொட்டியைத் திரும்ப உறிஞ்சும். ஒவ்வொன்றிலும் 3 செ.மீ. இறங்கினாலே 9 லிட்டர், ஆறிலும் 54. குழாயில் நிற்பதையும் சேர்த்து சம்ப்பில் 70 லிட்டருக்கு வெற்றிடம் விடுங்கள். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் 4 மி.மீ. துளை போட்டால் காற்று புகுந்து உறிஞ்சல் நின்றுவிடும். தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் செக் வால்வை மட்டும் நம்ப முடியாது, ஒரு நத்தை சிக்கினால் போதும்.

எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. ஒரு தொட்டியின் வடிகால் இலையால் அடைத்துக்கொண்டால், அதன் விளிம்பில் 9 லிட்டருக்குத்தான் இடம். பம்பு அறையில் 30 லிட்டர் இருந்தால் மீதி 21 தரையில். பைப்புத் தண்ணீரைத் தானாக நிரப்பும் மிதவையும் இருந்தால் அதற்கு முடிவே இல்லை! இரண்டாவது வடிகால் ஒன்றைச் சற்று மேலே வைத்துவிடுங்கள். மீன் விடுமுன் பிளக்கைப் பிடுங்கியும், வடிகாலைத் துணியால் அடைத்தும் இரண்டையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

பிளக் பாயின்ட் தொட்டிக்கு மேலே, மின்கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. பாதுகாப்போடு இருக்கட்டும். வயர் கீழே தொங்கி வளைந்து மேலேறினால் சொட்டுத் தண்ணீர் பிளக்குக்குள் போகாது.

புதிதாக வாங்கிய மீன் இருக்கும் தொட்டியை மட்டும் இதில் இணைக்காதீர்கள். ஒரே தண்ணீர் என்றால் ஒரு தொட்டிக்கு வந்த வெள்ளைப்புள்ளி நோய் ஆறுக்கும் போய்ச் சேரும்.