விரலை இழுத்தா வார்த்தை எப்படி வருது? ஸ்வைப் கீபோர்டு எடுக்குறதுக்கு முன்னாடி

ஸ்வைப் பண்ணும்போது விரல் பட்ட எழுத்தையெல்லாம் கீபோர்டு வரிசையா படிக்குதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல. இங்கிலீஷ் கீபோர்டுல பி-ல (P) இருந்து டி (T) வரைக்கும் இழுத்தா நடுவுல ஓ, ஐ, யூ, ஒய் எல்லாத்து மேலயும் விரல் போயாகணும். அதனால கீபோர்டு பாக்குறது விரல் போன கோட்டோட மொத்த வடிவத்தைத்தான், தன்கிட்ட இருக்குற வார்த்தைகள்ல எதோட கோடு இதோட நல்லா ஒத்துப்போகுதுன்னு தேடும். ஐபிஎம்-ல ஷுமின் ஜாய், பெர் ஓலா கிறிஸ்டென்சன் ரெண்டு பேரும் 2004-லயே இந்த வழியை ஆய்வுக்கட்டுரையா வெளியிட்டாங்க, 2009-ல ஸ்வைப் (Swype)ங்கிற பேர்லயே ஒரு கீபோர்டு சாம்சங் ஆம்னியா 2-ல வந்துச்சு, 2018-ல அதை நிறுத்தியும் விட்டாங்க.

இப்போ பிட் (pit), புட் (put), பாட் (pot) மூணு இங்கிலீஷ் வார்த்தைக்கும் அதே நேர்கோடுதான். கோட்டை வச்சு பிரிக்கவே முடியாது, முன்னாடி என்ன எழுதினீங்கன்னு பாத்து எது வர வாய்ப்பு அதிகம்னு மொழி மாடல்தான் முடிவு பண்ணும். என்னைக் கேட்டா கீபோர்டோட உயிரே இந்த மாடல்தான், தீம், கலர் எல்லாம் அப்புறம்.

தங்கிலீஷ்ல ஸ்வைப் பண்றவங்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். ஒரே எழுத்து அடுத்தடுத்து ரெண்டு தடவை வந்தா விரல் நகராது இல்லையா, அதனால படமும் (padam) பாடமும் (paadam) ஒரே கோடு, பல்லும் பாலும் ஒரே கோடு. அதோட நம்ம மொழியில ஒரு வினைச்சொல்லு மேல காலம், ஆள், வேற்றுமைன்னு ஒட்டிக்கிட்டே போகும், "வந்துட்டிருந்தவங்ககிட்டயும்" மாதிரி ஒண்ணு அகராதியில இல்லேன்னா எவ்வளவு அழகா இழுத்தாலும் வேற ஏதோதான் வந்து விழும்.

அதனால ஜிபோர்டோ ஸ்விஃப்ட்கீயோ எதைப் போட்டாலும் நீங்க தினமும் எழுதுற பேச்சுத்தமிழ் வாக்கியத்தையே இழுத்துப் பாருங்க, ஊர் பேரு, வீட்டு ஆளுங்க பேரு எல்லாம் சேத்து. வராத வார்த்தையை ஒரு தடவை தட்டி எழுதி சேவ் பண்ணிட்டு மறுபடி இழுங்க, கத்துக்குதான்னு அதுலயே தெரிஞ்சிடும்.

டைப் பண்றது வெளிய போகக் கூடாதுன்னு நினைச்சா ஹெலிபோர்டுங்கிற கீபோர்டைப் பாக்கலாம், அது இன்டர்நெட் அனுமதியே கேக்காது, ஆனா ஸ்வைப் வேணும்னா அதை வேலை செய்ய வைக்கிற லைப்ரரி ஃபைலை நீங்களே தனியா சேக்கணும்.